தெள்ளுப்பூச்சியும் பச்சிளம் நாய்க்குட்டியும்: கோவை பிளேக் முதல் இன்றைய மருந்துச் சீட்டு வரை

தெள்ளுப்பூச்சி என்பது பாலூட்டிகள், பறவைகள் ஆகியவற்றின் குருதியை உறிஞ்சி வாழும், இறக்கையற்ற சிறு பூச்சி ஆகும். பேச்சு வழக்கில் தெள்ளு என்றும் சொல்வர். உடல் பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் அடர்ந்த முடிக்குள் எளிதாக நுழைந்து ஓடும். பின்னங்கால்களின் வலிமையால் தன் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் தாவும். இந்திய நாய்களில் மிகுதியாகக் காணப்படும் தெள்ளின் அறிவியல் பெயர் டெனோசெஃபாலிடிஸ் ஓரியன்டிஸ். நீண்ட காலம் இது பூனைத் தெள்ளின் ஒரு வகையாகவே கருதப்பட்டது. அண்மைக் காலத்தில்தான் தனி இனமாக ஏற்கப்பட்டது.

கொங்கு வட்டாரத்தில் நாயின் மேல் ஊர்வது எதுவானாலும் "உண்ணி" என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. உண்ணி எட்டுக் கால் உடையது. தோலில் கடித்துக்கொண்டு ஓரிடத்தில் அசையாமல் இருக்கும். பேன் ஆறு கால் உடையது. முடியைப் பற்றி மெதுவாக ஊரும். தெள்ளுக்கும் ஆறு கால்தான், ஆனால் விரலில் அகப்படாமல் துள்ளும். மூன்றும் வேறு வேறு உயிர்கள், மூன்றுக்குமான மருந்தும் அளவும் வேறு. பெயரைக் குழப்பிக்கொள்வதால், மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து நாய்க்குட்டியின் முதுகில் ஊற்றப்படுகிறது. இக்கட்டுரை அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதையும், பிறந்து சில வாரங்களே ஆன குட்டிக்கு எது பாதுகாப்பானது என்பதை மனிதர் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பதையும் வரலாற்று வழியில் கூறுகிறது. இதில் கோயம்புத்தூருக்கும் ஓர் இடம் உண்டு. தெள்ளுப்பூச்சியால் இந்நகரம் பட்ட பாடு தமிழ்நாட்டில் வேறு பல ஊர்கள் அறியாதது.

ஐந்து தேக்கரண்டிக் குருதி

பெரிய நாய்க்குத் தெள்ளு ஓர் அரிப்புத் தொல்லை. பச்சிளம் குட்டிக்கு அது உயிர்ப் பிரச்சினை. காரணத்தை எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்குத் தன் உடல் எடையைப் போல ஏறத்தாழ 15 மடங்கு குருதியைக் குடிக்கிறது. 72 பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரு நாளில் 1 மி.லி. குருதி போய்விடும் என்று ஆய்வாளர்கள் அளந்து கூறியுள்ளனர். 300 கிராம் எடையுள்ள குட்டியின் உடலில் உள்ள மொத்தக் குருதி சுமார் 25 மி.லி., அதாவது ஐந்து தேக்கரண்டி. அதன் மேல் 150 தெள்ளுகள் இருந்தால் நாளொன்றுக்கு 2 மி.லி. இழப்பு. மொத்தத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு! வளர்ந்த நாய் இழந்த குருதியை விரைவில் ஈடு செய்துகொள்ளும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குட்டியால் அது இயலாது. ஈறு வெளுக்கும், பால் குடிக்க வலிமை இராது, உடல் குளிரும். இரண்டு மூன்று நாட்களில் குட்டி இறந்துவிடக்கூடும். "தாய் மிதித்துவிட்டது", "குளிரில் விறைத்துவிட்டது" என்று நாம் காரணம் சொல்லும் தெருக்குட்டிச் சாவுகளில் தெள்ளின் பங்கும் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே தெள்ளை நீக்காமல் விடவும் முடியாது. நீக்கும் மருந்தே நஞ்சாகிவிடவும் கூடாது.

எலி செத்து விழுந்த வீடுகள்

தெள்ளைப் பற்றி உலகம் முறையாக அறிந்துகொண்டது நாயால் அன்று, எலியால். அதுவும் இந்தியாவில்.

1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சன் பிளேக் கிருமியைக் கண்டறிந்தார். 1896இல் நோய் பம்பாயை அடைந்தது. 1898இல் பெங்களூரைத் தொட்டது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் கோயம்புத்தூர் உட்படக் கொங்குப் பகுதி திரும்பத் திரும்பப் பிளேக்கால் தாக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் கோயம்புத்தூர் நகரின் மக்கள் 53,080 பேர். 1911இல் 47,007 பேர். பத்தாண்டில் ஆறாயிரத்துக்கும் மேல் குறைவு. ரயில் பாதையும் நூற்பாலையும் வந்து வளரத் தொடங்கிய ஓர் ஊரில் இப்படி ஒரு சரிவு இயல்பானதன்று. குறைவு முழுவதும் இறப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. பிளேக் கண்ட ஊரை விட்டு மக்கள் வெளியேறுவதும் அன்று வழக்கமாக இருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே தோட்டங்களிலும் கொட்டகைகளிலும் தங்கினர்.

இன்றும் கோவை நகரின் பல பகுதிகளில் "பிளேக் மாரியம்மன்" கோயில்கள் உள்ளன. அம்மைக்கும் மழைக்கும் உரிய தெய்வமாகக் கொங்கு மக்கள் வணங்கிய மாரியம்மனின் பெயருக்கு முன்னால் ஓர் ஆங்கிலச் சொல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோய்க்கு நம் மொழியில் பெயர் வைக்கக்கூட நேரம் இருந்திருக்காது போலும். வகுப்பில் உள்ளூர் வரலாறு சொல்லும்போது மாணவர்களை இக்கோயில்களைப் பார்த்து வரச் சொல்வேன். பலர் அந்த வழியாகவே பள்ளிக்கு வந்துகொண்டிருந்தும், அது ஒரு நோயின் பெயர் என்று அறிந்திருக்கவில்லை.

நோய் எப்படிப் பரவுகிறது என்பது தொடக்கத்தில் தெரியவில்லை. அழுக்கு, கெட்ட காற்று, சாக்கடை எனப் பலவும் குற்றம் சாட்டப்பட்டன. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. வீடுகளில் சுண்ணாம்பு அடித்தனர், கூரையைப் பிரித்தனர், துணிமணிகளை எரித்தனர், சாக்கடைகளில் கிருமிநாசினியை ஊற்றினர். சாக்கடையில் ஊற்றியதால் எலிகள் கலைந்து அடுத்த தெருவுக்கு ஓடின. நோயும் உடன் சென்றது.

1898 ஜூன் மாதத்தில் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். பிளேக் கண்ட எலியைத் தெள்ளுகளுடன் ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்தார். அது இறக்கும் தறுவாயில், நலமான எலியைக் கம்பி வலைக் கூண்டில் அருகே இறக்கினார். ஒன்றையொன்று தொட முடியாது, ஆனால் தெள்ளு தாவ முடியும். சில நாட்களில் நலமான எலியும் பிளேக்கால் இறந்தது. சிமோனின் முடிவை அறிஞர் உலகம் பல ஆண்டுகள் நம்பவில்லை. 1905இல் தொடங்கி பம்பாய் பரேல் ஆய்வகத்தில் பிளேக் ஆய்வுக் குழு செய்த சோதனைகளே அதை ஐயமற நிறுவின. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. நோய்த் தெள்ளு உள்ள அறையில் கினிப் பன்றிகளைக் கூண்டில் தொங்கவிட்டனர். தரையிலிருந்து ஓரிரு அங்குலம் உயரத்தில் தொங்கியவை நோயுற்றன. இரண்டு அடி உயரத்தில் தொங்கியவை தப்பின. ஒட்டும் பசை பூசிய தாளைக் கூண்டைச் சுற்றி அகலமாக விரித்தபோதும் உள்ளிருந்த விலங்கு தப்பியது. தெள்ளு தரையில் காத்திருக்கிறது, தாவும் தூரத்துக்கு மேல் அதனால் எட்ட முடியாது என்பது இதனால் விளங்கிற்று.

சென்னையை விடக் கோவையில் பிளேக் ஏன் கடுமையாக இருந்தது என்ற கேள்விக்கும் விடை தெள்ளிலேயே கிடைத்தது. எலித் தெள்ளிலும் வகைகள் உண்டு. பிளேக்கைத் திறம்படக் கடத்துவது சீனோப்சில்லா கியோபிஸ். 1903இல் எகிப்துப் பக்கத்து மாதிரிகளைக் கொண்டு சார்லஸ் ரோத்சைல்டு இதற்குப் பெயரிட்டார். பிரமிடு கட்டிய கியாப்ஸ் மன்னனின் பெயர் ஒரு தெள்ளுக்குப் போயிற்று. இதன் உறவினமான சீனோப்சில்லா ஆஸ்டியா அவ்வளவு திறமை இல்லாதது. கொழும்பு மாநகர நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். சென்னை, கொழும்பு போன்ற வெப்பமான கடற்கரை ஊர்களில் ஆஸ்டியா மிகுதி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவையிலும் மைசூர் மேட்டு நிலத்திலும் கியோபிஸ் நன்கு வாழ்ந்தது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கோவையின் இதமான தட்பவெப்பம் அன்று இவ்வாறு வினையாயிற்று. தானிய மூட்டைகளிலும் பஞ்சுப் பொதிகளிலும் எலியும் தெள்ளும் ஊர்விட்டு ஊர் பயணம் செய்தன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாய்த் தெள்ளு வேறு, எலித் தெள்ளு வேறு. வீட்டு நாய்க்குட்டியிடம் தெள்ளு இருப்பதால் பிளேக் வந்துவிடும் என்று இன்று அஞ்ச வேண்டியதில்லை. நாய்த் தெள்ளு கொண்டு வருவது முக்கியமாக நாடாப்புழு. தெள்ளை நாய் கடித்து விழுங்கும்போது புழுவின் இளநிலை உள்ளே போகிறது. சிறு குழந்தைகளுக்கும் இவ்வாறு வருவதுண்டு. ஆனால் பிளேக் ஆய்வு தந்த பாடம் எல்லாத் தெள்ளுக்கும் பொருந்தும். தெள்ளு விலங்கின் மேல் குடியிருப்பதை விட, அது படுக்கும் இடத்தைச் சுற்றியே அதிகம் குடியிருக்கிறது. பிற்காலத்தில் நாய், பூனைத் தெள்ளை எண்ணிப் பார்த்தவர்கள், நம் கண்ணுக்குத் தெரியும் வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து அளவே என்றனர். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சாக்கு மடிப்பிலும் தரை வெடிப்பிலும் கிடக்கிறது. ஒரு தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். முட்டை முடியில் ஒட்டாது, உதிர்ந்து விழும்.

அப்படியானால் குட்டியின் மேல் எவ்வளவு வலிய மருந்தைப் போட்டாலும் நூற்றில் ஐந்தைத்தான் அது கொல்லும். மீதி 95க்கு மருந்து தரையில்.

வீட்டு மருந்துகள்

தரையைக் கவனிப்பதை நம் முன்னோர் வேறு காரணங்களுக்காகச் செய்துவந்தனர். தோட்டத்துச் சாளைகளில் மண் தரையை வாரந்தோறும் சாணி கொண்டு மெழுகுவார்கள். வெடிப்புகள் அடைபடும். தெள்ளின் புழுவுக்கு ஈரமும் தூசியும் மறைவும் வேண்டும். வெயில் படும் வெற்றுத் தரையில் அது காய்ந்து இறந்துவிடும். நாய்க்கு வீட்டுக்குள் இடமில்லை, திண்ணையிலோ தொண்டுப்பட்டி ஓரத்திலோ படுக்கும். ஆட்டுப்பட்டியை இடம் மாற்றி மாற்றி அடைக்கும் வழக்கத்தால் பட்டி நாயின் படுக்கையும் மாறிக்கொண்டே இருந்தது. தெள்ளை எண்ணி இவற்றைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்துக்கு எரு சேர வேண்டும் என்பதே பட்டி மாற்றுவதன் நோக்கம். தெள்ளுக்கு அது கேடாக அமைந்தது.

உடம்பின் மேல் போடும் மருந்துகளைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. வேப்பெண்ணெய், புங்க எண்ணெய், வசம்புத் தூள், புகையிலைக் கஷாயம், மண்ணெண்ணெய் ஆகியவை கிராமங்களில் கையாளப்பட்டன. கோவை மாவட்டம் மெல்லும் புகையிலைக்குப் பெயர் பெற்றது. கழிவுத் தண்டும் இலையும் எளிதில் கிடைத்தன. ஊறவைத்த நீரை மாட்டுக்கும் நாய்க்கும் தடவினர். தெள்ளும் பேனும் செத்தன, உண்மை. புகையிலையில் உள்ள நிகோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். எருமைக்குப் பொறுக்கும் அளவு 300 கிராம் குட்டிக்குப் பொறுக்காது. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். குட்டியோ, அதன் தாயோ நக்கினால் நுரையீரல் வரை கேடு.

இயற்கைப் பொருள்தானே, தீங்கு செய்யாது என்று வேப்பெண்ணெய்க்குச் சான்று கொடுப்போர் பலர். 1981இல் மலேசிய மருத்துவர்கள், பாட்டி வைத்தியமாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட சிறு குழந்தைகளுக்கு மூளையும் ஈரலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழில் வெளியிட்டனர். பெரியவர் தாங்கும் பொருளைப் பச்சிளம் உடல் தாங்காது என்பதற்கு இது நம்மவர் வீடுகளிலிருந்தே கிடைத்த கசப்பான சான்று. நாய்க்குட்டி தன் மேல் தடவியதையெல்லாம் நக்கிவிடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வரிசையில் பேன்சீப்பு ஒன்றுதான் யாருக்கும் தீங்கு செய்யாதது. மர, கொம்புச் சீப்புகள் மனிதப் பேனுக்காகச் செய்யப்பட்டவை. தெள்ளுக்கும் அவை போதும்.

பொடிகளின் காலம்

ஆங்கிலேயர் வீடுகளில் பூச்சிப் பொடி என்று ஒன்று இருந்தது. தால்மேசியக் கடற்கரையில் விளைந்த ஒருவகைச் சாமந்தியின் உலர்ந்த பூவை அரைத்தது. பைரெத்ரம் என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வரத்து தடைப்பட்டபோது இந்தியாவிலும் காஷ்மீர், நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் இது பயிரிடப்பட்டது. வெயில் பட்டால் விரைவில் சிதைந்துவிடும் என்பது அதன் குறை. அந்தக் குறையே உயிர்களுக்கு நன்மையாகவும் இருந்தது.

அதே காலத்தில் டி.டி.டி. வந்தது. 1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டார். 1948இல் நோபல் பரிசு பெற்றார். எலி வளைகளிலும் வீட்டுத் தரையிலும் தூவினால் தெள்ளு அழிந்தது, பிளேக் அடங்கியது. நம் நாட்டில் பிளேக் ஒடுங்கியதில் டி.டி.டி.க்கும் பங்கு உண்டு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் கைப் பம்புடன் ஆட்கள் வீடு வீடாக வந்து சுவரில் அடித்துவிட்டு, வாசல் அருகே தேதியை எழுதிச் செல்வார்கள். என் வயதினர் பலருக்கு அந்த எழுத்தும் வாடையும் நினைவிருக்கும். பி.எச்.சி. என்னும் காமாக்சின் பொடியும் ஊரெங்கும் புழங்கியது. பருத்திக்கும் அதுதான், எறும்புக்கும் அதுதான், நாய்க்கும் அதுதான். கொழுப்பில் தங்கி, தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் இறங்கும் பொருள்கள் இவை என்பது பின்னரே பரவலாக உணரப்பட்டது. பி.எச்.சி. இந்தியாவில் 1997இல் தடை செய்யப்பட்டது.

இவற்றுக்குப் பின் கார்பமேட், ஆர்கனோ பாஸ்பேட் வகைகள். நாய்த் தெள்ளுப் பொடிகளில் உலகெங்கும் பெரிதும் பயன்பட்ட ஒன்று கார்பரில். இதைத் தயாரிக்கும் ஆலையிலிருந்தே 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நாயின் மேல் சிட்டிகையாகத் தூவும் பொடிக்குப் பின்னாலும் இப்படி ஓர் ஆலை இருந்தது. இவ்வகை நஞ்சுகள் நரம்பைத் தாக்கிப் பூச்சியைக் கொல்பவை. குட்டியின் நரம்பும் அதே முறையில்தான் இயங்குகிறது. எடை வேறுபாடு அதற்கு ஒரு பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு பச்சிளம் குட்டியிடம் மிகக் குறைவு.

1970களில் பிரிட்டனின் மைக்கேல் எலியட் குழுவினர் பைரெத்ரத்தைப் போலச் செயற்கையாகச் செய்த பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவை வந்தன. வெயிலிலும் நிலைத்து நிற்பவை. நாய் ஓரளவு தாங்கும். பூனைக்கோ பெர்மெத்ரின் நஞ்சு. அதைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. பிறந்த சில வாரக் குட்டியின் ஈரலும் முதிராததே.

கட்டுத்தறி மாடத்திலிருந்து

கொங்கு நாடு மாட்டை மதிக்கும் நாடு. காங்கேயம் காளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊரே வந்து விசாரிக்கும். கால்நடை மருத்துவக் கல்வியும் இங்கே மாட்டையும் ஆட்டையும் கோழியையும் மையமாக வைத்தே வளர்ந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. கொங்குப் பகுதிக்கு நாமக்கல்லில் கல்லூரி வர 1985 ஆயிற்று. எனவே தோட்டத்து வீடுகளில் கைக்கெட்டும் மருந்து மாட்டு மருந்தாகவே இருக்கிறது. கட்டுத்தறிச் சுவரின் மாடத்தில் அமிட்ராஸ் அல்லது டெல்டாமெத்ரின் புட்டி ஒன்று இல்லாத பால் மாட்டு வீடு குறைவு.

அவை செறிவூட்டப்பட்ட மருந்துகள். ஒரு லிட்டர் நீருக்குச் சில மில்லி என்று கலந்து 400 கிலோ மாட்டின் மேல் தெளிப்பதற்கானவை. "நாய்க்குட்டிதானே, நாலு சொட்டு போதும்" என்று கண்ணளவில் கலக்கும்போது விபரீதம் தொடங்குகிறது. அமிட்ராஸ் நஞ்சேறிய குட்டி மயங்கிக் கிடக்கும், இதயத் துடிப்பு குறையும், உடல் சில்லிடும். நாய்களுக்கென்றே செய்யப்பட்ட அமிட்ராஸ் மருந்தைக்கூட 4 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் போடக் கூடாது என்று மேலை நாட்டுக் குறிப்பு சொல்கிறது. மேலும் அது உண்ணிக்கும் சொறிக்கும் உரியது, தெள்ளுக்கான மருந்தே அன்று. டெல்டாமெத்ரின் மிகுந்தால் எச்சில் வடியும், உடல் நடுங்கும். ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையும் சிலர் கையாள்கின்றனர். தெள்ளை அது நம்பத்தக்க அளவில் கொல்லாது. மூளைக்குள் மருந்து புகாமல் காக்கும் தடுப்பு முதிராத குட்டிக்கு ஆபத்து மட்டும் மிஞ்சும்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஐந்து குட்டிகளை ஒரே வாளியில் இப்படி முக்கி எடுத்தார்கள். மாலைக்குள் மூன்று போய்விட்டன. "தெள்ளு கடிச்சே செத்துப்போச்சுங்க" என்றுதான் அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

எட்டு வாரம் என்ற எண்

1990களிலிருந்து நாய், பூனைகளுக்கென்றே புதிய மருந்துகள் வந்தன. ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், செலாமெக்டின், நைடென்பைராம், பிறகு 2013க்குப் பின் ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள். இவற்றில் பல, பூச்சியின் நரம்பில் உள்ள அமைப்புகளையே பெரிதும் தாக்குவன. முந்தைய நஞ்சுகளை விடப் பாலூட்டிகளுக்குப் பாதுகாப்பானவை. ஒவ்வொன்றின் உறையிலும் குறைந்த வயதும் எடையும் அச்சிட்டிருக்கும். நைடென்பைராம் 4 வாரம், சுமார் 900 கிராம். செலாமெக்டின் 6 வாரம். இமிடாகுளோப்ரிட் 7 வாரம். தோலில் சொட்டும் ஃபிப்ரோனிலும் பல மாத்திரைகளும் 8 வாரம்.

மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது. 55ஆம் நாள் நஞ்சாக இருப்பது 56ஆம் நாள் அமுதமாகிவிடுமா? இல்லை. மருந்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், தான் குறிப்பிட விரும்பும் மிகக் குறைந்த வயதுக் குட்டிகளுக்கு வழக்கமான அளவும் அதன் பல மடங்கும் கொடுத்துப் பாதுகாப்பைக் காட்ட வேண்டும். எந்த வயதில் காட்டினார்களோ அந்த வயதே உறையில் ஏறுகிறது. அதற்குக் கீழே "தெரியாது" என்பதே பொருள். இதனால்தான் ஒரே பொருளுக்கு நாட்டுக்கு நாடு எண் மாறுகிறது. ஃபிப்ரோனில் தெளிப்பானைப் பிரிட்டனில் பிறந்த 2ஆம் நாள் முதல் பயன்படுத்தலாம் என்று அனுமதித்துள்ளனர். அமெரிக்காவில் அதே தெளிப்பானுக்கு 8 வாரம். இத்தகைய விதிவிலக்கை நாமே கடையில் படித்து முடிவு செய்வது சரியன்று. 4 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு எந்த மருந்தும் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொன்னால் மட்டுமே.

சீப்பு, சாக்கு, வெயில்

அப்படியானால் பிறந்து இரண்டு மூன்று வாரமே ஆன குட்டிக்கு என்ன செய்வது? விடை பழையதுதான்.

முதலில் தெள்ளுதானா என்று பார்க்க வேண்டும். குட்டியின் முதுகிலிருந்து உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால் செந்நிறமாகக் கரையும். அது தெள்ளின் கழிவு, செரித்த குருதி. கரையாமல் கருப்பாகவே நின்றால் மண்.

குட்டியை மடியில் துணி விரித்து வைத்து, பேன்சீப்பால் கழுத்து, அக்குள், வால் அடி, வயிறு எனச் சீவ வேண்டும். சீப்பில் வரும் தெள்ளைச் சோப்பு கரைத்த நீரில் உடனே அமிழ்த்த வேண்டும். வெறும் நீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் மூழ்கும். எட்டாம் வகுப்பில் படித்தது இங்கே பயன்படும். ஒரே நாளில் முடியாது. நாளைக்கு இருமுறை, பத்துப் பதினைந்து நாட்கள்.

குளிப்பாட்டலாமா என்பதில்தான் பலர் இடறுகின்றனர். முதல் சில வாரங்களில் குட்டியால் தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதன் உடல் வெப்பநிலையே 35, 36 டிகிரி செல்சியஸ் அளவுதான். தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடியும் தறுவாயில் ஈனுகின்றன. கார்த்திகை, மார்கழிக் குளிரில் நனைந்த குட்டி தெள்ளு கொல்வதற்கு முன்பே குளிரால் இறந்துவிடும். மிகச் சிறிய குட்டிக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பகுதி பகுதியாகத் துடைப்பதே போதும். மூன்று நான்கு வாரம் கடந்து, நன்றாகப் பால் குடிக்கும் குட்டியானால், வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு விரைந்து கழுவலாம். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போட வேண்டும். இல்லையேல் உடலில் உள்ள தெள்ளெல்லாம் முகத்துக்கு ஓடிக் காதிலும் கண்ணோரத்திலும் ஒளியும். கழுவியவுடன் ஈரம் போகத் துவட்டி, தாயிடமோ வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிய கதகதப்பான படுக்கையிலோ விட வேண்டும். மனிதப் பேன் மருந்து, பினாயில், கற்பூரம் எதையும் சேர்க்கக் கூடாது. பினாயில் இட்டுக் கழுவிய தரையையும் நல்ல நீரால் அலசிக் காயவிட்ட பிறகே குட்டியை இறக்க வேண்டும்.

தாயை மறந்தால் எல்லாம் வீண். குட்டிகளுக்குத் தெள்ளு வருவது பெரும்பாலும் தாயிடமிருந்தும் படுக்கையிலிருந்தும். பாலூட்டும் நாய்க்குப் பாதுகாப்பான மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதற்குப் போட்டால், குட்டிகளின் மேல் மருந்தே படாமல் பெரும்பகுதி தெள்ளு ஒழியும். அரசு கால்நடை மருந்தகங்களில் நாயையும் பார்ப்பார்கள். மாட்டுக்கு மட்டும் என்று எண்ணிப் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

படுக்கைச் சாக்கை எடுத்துவிட்டு, பழைய பருத்திப் புடவைத் துணியை விரிப்பது நல்லது. அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொதிநீரில் நனைத்து அலசி, கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். படுத்திருந்த இடத்தையும் சுற்றியுள்ள மூலை முடுக்குகளையும் கூட்டி, குப்பையை எரிக்கவோ தொலைவில் புதைக்கவோ வேண்டும். வாசலில் தட்டிவிட்டால் திரும்பி வரும். இடத்தை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

ஈறும் நாக்கும் வெளுத்திருந்தால், குட்டி பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், சீவிக்கொண்டிருக்க நேரமில்லை. துணியில் பொதிந்து கதகதப்பாக வைத்து உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குருதி ஏற்றும் தேவைகூட வரலாம்.

கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை வெந்நீரைத் தவிர எளிதில் எதுவும் தொடாது. உணவில்லாமல் பல மாதங்கள் உறங்கிக் கிடந்து, அருகே காலடி அதிர்வும் உடல் வெப்பமும் மூச்சுக் காற்றும் படும்போது வெளியே வரும். எனவே குட்டி தெள்ளின்றித் தேறிய பின்னும் கூட்டுவதையும் வெயிலில் உலர்த்துவதையும் இரண்டு மூன்று மாதங்கள் விடாமல் செய்துவர வேண்டும். அதற்குள் குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்திருக்கும்; முதல் தடுப்பூசிக்குப் போகும்போது எடை பார்த்து, உரிய தெள்ளு மருந்தையும் குடற்புழு மருந்தையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.